தகப்பனின் குழலும் மகனின் அரிவாளும்

ஆண்டுக்கு ஒரு வாரம் உமுவோஃபியாவில் யாரும் யாரிடமும் ஒரு கடுஞ்சொல்கூடப் பேசக்கூடாது. விதைப்புக்கு முந்தைய அந்த வாரம் மண்தெய்வமான அனிக்கு உரியது. அந்த வாரத்தில்தான் ஒக்கொங்வோ தன் இளைய மனைவியை அடித்தான். தோழி வீட்டுக்குத் தலை பின்னிக்கொள்ளப் போனவள் மதியச் சமையலுக்கு நேரத்தோடு திரும்பவில்லை, அவ்வளவுதான் குற்றம். பூசாரி வந்து தண்டம் விதித்தார்: ஒரு பெட்டை ஆடு, ஒரு கோழி, ஒரு துணி, நூறு சோழி. ஒக்கொங்வோ கட்டினான்.

இதை ஒட்டி ஊரின் மூத்தவரான எசெயுடு தன்னைப் பார்க்க வந்த இருவரிடம் பேசிக்கொண்டிருக்கிறார். தண்டனையெல்லாம் இப்போது லேசாகிவிட்டது என்கிறார். முன்னொரு காலத்தில் அமைதியைக் குலைத்தவனை உயிர் போகும்வரை ஊர்வழியே தரையில் இழுத்துப் போவார்களாம். அவருடைய தகப்பனாருக்கே அது பிறர் சொல்லித் தெரிந்த செய்திதான். அமைதியைக் காக்க வந்த தண்டனையே அமைதியைக் கெடுக்கிறது என்று கண்டதும் ஊர் அதைக் கைவிட்டது.

நைஜீரிய எழுத்தாளர் சினுவா அச்செபே 1958-ல் வெளியிட்ட முதல் நாவலில் இது அரைப் பக்கம்கூட வராது. என்.கே. மகாலிங்கத்தின் மொழிபெயர்ப்பில் 'சிதைவுகள்' என்று தமிழில் கிடைக்கும் அந்த நாவலை நான் திரும்பத் திரும்பப் படிக்கக் காரணமே இந்த அரைப் பக்கம்தான். வெள்ளைக்காரனின் நிழல்கூட அப்போது அந்த ஊர்ப் பக்கம் விழவில்லை. அதற்குள்ளாகவே அந்த ஊருக்கு ஓர் 'அன்று' இருந்திருக்கிறது, ஓர் 'இன்று' வந்திருக்கிறது. யாரும் துப்பாக்கி காட்டாமல், யாரும் வேதம் ஓதாமல், ஊரே உட்கார்ந்து பேசித் தன் வழக்கத்தைத் திருத்திக்கொண்டிருக்கிறது. ஒக்கொங்வோவின் கதையை மாறாத பழமைக்கும் வந்தேறிய புதுமைக்கும் நடந்த மோதல் என்று சொல்லிப் பழகிவிட்டோம். பள்ளிப் பாடங்களிலும் அப்படித்தான் சொல்லித் தருகிறார்கள். எனக்கு அது போதவில்லை. ஒக்கொங்வோ தன் ஊரின் பழமை முழுவதையும் காத்து நிற்கவில்லை. அதில் ஒரு பாதியைத்தான் காத்து நின்றான். மறுபாதியை வெள்ளைக்காரன் வருவதற்கு வெகு முன்பே, தன் சின்ன வயதிலேயே, அவன் உதறிவிட்டான்.

அந்த மறுபாதியின் பெயர் உனோக்கா, அவனுடைய தகப்பன்.

உனோக்காவின் குடிசைச் சுவரில் சுண்ணக்கட்டியால் சிறுசிறு கோடுகள் போட்டிருக்கும். ஐந்து தொகுதிகள். ஒவ்வொரு தொகுதியும் ஒருவருக்குத் தர வேண்டிய கடன், ஒவ்வொரு கோடும் நூறு சோழி. இருநூறு சோழி கொடுத்திருந்த பக்கத்து வீட்டுக்காரர் கேட்டு வந்தபோது, பெரிய கடனை முதலில் அடைக்க வேண்டாமா என்று அந்தச் சுவரைக் காட்டிச் சிரித்தவன் அவன். அறுவடை முடிந்து ஊர்க்காரர்கள் வாத்தியங்களை இறக்கும் மாதங்களில் அவனுக்கு முகமெல்லாம் ஒளி. குழல் வாசிப்பான். பக்கத்து ஊர்கள் அவனுடைய குழுவை அழைத்துப்போய்த் தங்கவைத்து இசை கற்றுக்கொள்ளும். கோடை தொடங்கியதும் திரும்பி வரும் பருந்தைப் பார்த்துப் பாடிய சிறுவயதை அவன் கடைசிவரை மறக்கவில்லை. வயிறு வீங்கும் நோய் வந்தது. அந்த நோய்க்காரனை வீட்டில் சாகவிடுவது மண்ணுக்குத் தீட்டு. கெட்ட காட்டுக்குத் தூக்கிப்போய் விட்டுவிட்டார்கள். போகும்போது குழலை மட்டும் கையில் எடுத்துக்கொண்டான்.

சிறுவயதில் விளையாட்டுத் தோழன் ஒருவன், உன் அப்பன் ஒரு பட்டமும் வாங்காத ஆள் என்று சொல்லிக்காட்டியது ஒக்கொங்வோவின் நெஞ்சில் முள்ளாக நின்றுவிட்டது. அன்று முதல் தகப்பன் விரும்பிய அத்தனையையும் வெறுப்பதே அவனுடைய வாழ்க்கை நெறி. தகப்பன் மென்மையானவன், அதனால் மென்மை கூடாது. தகப்பன் ஓய்ந்து உட்கார்ந்திருப்பான், அதனால் ஓய்வு கூடாது. பதினெட்டு வயதில் அமலின்சே என்ற மல்லனை மண்ணில் சாய்த்து ஒன்பது ஊர்களிலும் பேர் வாங்கினான். நானூறு கிடைத்தால் போதும் என்று நுவாக்கிபியே என்ற செல்வரிடம் விதைக்கிழங்கு கேட்கப் போனான். அவர் அவனைப் பார்த்ததுமே நம்பி எண்ணூறாகக் கொடுத்தார். களஞ்சியம் நிறைந்தது, மூன்று மனைவிகள், இரண்டு பட்டங்கள், ஊர் வழக்குகளைத் தீர்க்க முகமூடி அணிந்து வரும் ஒன்பது மூதாதையர்களில் ஓர் இடம். உழைப்பில் அவனுக்கு இணை கிடையாது. அதை மனமாரச் சொல்ல வேண்டும். அவனை வெறும் முரடன் என்று ஒதுக்குகிறவர்கள் இந்தக் கதையின் வலியைத் தொடாமலே போகிறார்கள்.

ஆனால் அவன் வணங்கிய அதே வழக்கங்களை அவனைச் சுற்றியிருந்த பெரியவர்கள் வேறு மாதிரி வாழ்ந்தார்கள். பிணையாகப் பக்கத்து ஊரிலிருந்து வந்த சிறுவன் இக்கெமெஃபூனா மூன்று ஆண்டுகள் ஒக்கொங்வோவின் வீட்டில் வளர்ந்து அவனை அப்பா என்று அழைத்தான். அவனைக் கொல்ல வேண்டும் என்று குறிசொல்லும் தெய்வம் ஆணையிட்டபோது, உன்னை அப்பா என்று கூப்பிடுகிறவனின் சாவில் நீ கை வைக்காதே என்று எச்சரித்தவர் அதே எசெயுடு. நண்பன் ஒபியெரிக்கா அந்த ஊர்வலத்தில் சேரவே இல்லை. தெய்வம் கொல்லச் சொன்னால் சொல்லட்டும், கத்தியை நான் பிடிக்க வேண்டியதில்லை என்பது அவனுடைய நிலை. வழக்கத்தை மீறாமலேயே மனிதனாக இருக்க அந்த ஊரில் இடம் இருந்தது என்பதற்கு இந்த இருவரும் சாட்சி. ஒக்கொங்வோ போனான். வெட்டுப்பட்ட பையன் அப்பா என்று கத்திக்கொண்டு அவனை நோக்கி ஓடிவந்தபோது, கோழை என்று யாரும் நினைத்துவிடக்கூடாதே என்ற பயத்தில் அவனே அரிவாளை ஓங்கினான். பயந்து வெட்டினான். நாவலில் என் மனம் இன்னும் ஆறாத இடம் இதுதான். அவனுடைய மூத்த மகன் நுவோயேயின் உள்ளே ஏதோ ஒன்று அன்று அறுந்தது. பின்னாளில் தேவாலயப் பாட்டு அவனை இழுத்ததற்கான காரணம் அந்த இரவில் இருக்கிறது, போதகரின் வாதத் திறமையில் இல்லை.

பிறகு எசெயுடுவின் சாவுச் சடங்கில் ஒக்கொங்வோவின் துப்பாக்கி வெடித்து, இறந்தவரின் பதினாறு வயது மகன் பலியானான். தெரியாமல் நடந்த கொலைக்கு ஏழு ஆண்டு ஊர்விலக்கு. தாயின் ஊரான எம்பாண்டாவில் அந்த ஏழு ஆண்டுகளையும் அவன் கழித்தான். தாய்மாமன் உச்செண்டு அவனை உட்காரவைத்து, துன்பம் வரும்போது மனிதன் தாய்வீட்டுக்குத்தானே வருகிறான் என்று பொறுமையாகச் சொல்கிறார். ஊர் அவனுக்கு இரண்டாவது முறையாக ஒரு மென்மையைக் கற்றுத்தர முயல்கிறது. அவனோ நாட்களை எண்ணிக்கொண்டிருந்தான்.

திரும்பும் நாளுக்காக அவன் போட்டு வைத்த திட்டம் பெரிது. வளவைப் பழையதைவிட விரிவாகக் கட்ட வேண்டும். இன்னும் இரண்டு மனைவியருக்குக் குடிசைகள் வேண்டும். மகன்களுக்கு ஓசோ பட்டம் சூட்டி ஊரைத் திரும்பிப் பார்க்கவைக்க வேண்டும். வந்து பார்த்தால் அந்தச் சடங்கு மூன்று ஆண்டுக்கு ஒருமுறைதான், அடுத்ததற்கு இன்னும் ஏறக்குறைய இரண்டு ஆண்டு காத்திருக்க வேண்டும். அவன் திரும்பியதை ஊர் பெரிதாகக் கண்டுகொள்ளவும் இல்லை. ஊருக்கு வேறு வேலை வந்திருந்தது.

என்னென்ன வந்திருந்தன என்று அச்செபே நிதானமாகக் காட்டுகிறார். தேவாலயம் வந்திருந்தது. அதில் அடிமட்டத்து மக்கள் மட்டும் சேரவில்லை, பட்டம் பெற்ற பெரிய மனிதர் ஒருவரும் பட்டத்தின் அடையாளமான தன் கால் கயிற்றை அறுத்தெறிந்துவிட்டுச் சேர்ந்திருந்தார். நீதிமன்றம் வந்திருந்தது. ஊரின் மொழி தெரியாத ஆணையர் தீர்ப்புச் சொன்னார். சாம்பல் நிறக் கால்சட்டை போட்ட நீதிமன்றச் சேவகர்களை ஊர் 'கோட்மா' என்று அழைத்து வெறுத்தது. பட்டம் பெற்றவர்களும் சிறையில் காலையில் புல் வெட்டினார்கள். இவற்றோடு ஒரு வணிகக் கிடங்கும் வந்திருந்தது. முதல்முறையாகப் பாமாயிலுக்கும் பனங்கொட்டைக்கும் நல்ல விலை கிடைத்து ஊருக்குள் பணம் புழங்கியது. இந்தக் கடைசி விஷயத்தை விமர்சகர்கள் போதிய அளவு பேசுவதில்லை. ஊர் ஏமாந்துபோய் மட்டும் மாறவில்லை, கணக்குப் பார்த்தும் மாறியது. பாதிரி பிரவுன் பள்ளிக்கு வந்த பிள்ளைகளுக்குப் பனியனும் துண்டும் கொடுத்தார். படித்தவன் நீதிமன்ற எழுத்தனாகப் போவான் என்பது ஊருக்கு உடனே புரிந்துவிட்டது.

அதனால் வந்தவர்கள் நல்லவர்கள் என்று ஆகிவிடாது. நாவலில், ஒரு வெள்ளையனைக் கொன்றதற்காக அபாமே என்ற ஊர் அழிக்கப்படுவது கற்பனை மட்டும் இல்லை. 1905-ல், ஒக்கொங்வோவின் இனமான இக்போ மக்களின் அஹியாரா என்ற ஊர்ப் பக்கம் மிதிவண்டியில் வந்த ஸ்டீவர்ட் என்ற வெள்ளையரை மக்கள் கொன்றார்கள். அதற்குப் பழியாக ஆங்கிலேயப் படை அந்தப் பகுதியையே நாசமாக்கியது. உமுவோஃபியாவின் பெரியவர்கள் ஆறு பேரைப் பேச்சுவார்த்தைக்கு என்று கூப்பிட்டு விலங்கிட்டதும், தலையை மழித்து அடித்ததும், ஆணையர் சொன்ன இருநூறு மூட்டைச் சோழித் தண்டத்தைச் சேவகர்கள் இருநூற்றைம்பது என்று ஊரில் அறிவித்து இடையில் சுருட்டியதும் அந்த ஆட்சியின் நிஜமான முகம். ஒக்கொங்வோவின் கோபம் முழுக்க நியாயமானது. அந்த ஆறு பேரில் அவனும் ஒருவன்.

விடுதலையான மறுநாள் ஊர்க்கூட்டத்தைக் கலைக்க வந்த சேவகனின் தலையை அவன் வெட்டியபோது போர் மூளும் என்று எதிர்பார்த்தான். மற்றச் சேவகர்களைக் கூட்டம் தப்பிக்க விட்டது. ஏன் இப்படிச் செய்தான் என்று யாரோ கேட்டது அவன் காதில் விழுந்தது. அரிவாளை மணலில் துடைத்துவிட்டுப் போனான். தன் உயிரைத் தானே போக்கிக்கொண்டவனின் உடலைச் சொந்த ஊர்க்காரர்கள் தொடக்கூடாது என்பது வழக்கம். வழக்கத்தின் காவலன் என்று தன்னை நம்பியவனை அடக்கம் செய்ய வெளியூர் ஆட்களைக் கேட்க வேண்டியிருந்தது. அவன் எந்தத் தகப்பனைப் போல ஆகிவிடக்கூடாது என்று வாழ்நாளெல்லாம் ஓடினானோ, அந்தத் தகப்பனுக்கும் சொந்த மண்ணில் குழி கிடைக்கவில்லை. ஆணையர் தான் எழுதப்போகும் புத்தகத்தில் இவனுக்கு ஒரு பத்தி ஒதுக்கலாம் என்று யோசித்தபடி நடந்துபோகிறார்.

இனி நாவலை விட்டு அந்த மண்ணுக்கு வருவோம். ஒக்கொங்வோ அழிந்துவிடும் என்று அஞ்சியவற்றில் எது மிஞ்சியது, எது போயிற்று?

இன்றைய தென்கிழக்கு நைஜீரியாவில் இக்போ மக்கள் பெரும்பாலும் கிறிஸ்தவர்கள். அச்செபே 1930-ல் பிறந்த ஒகிடிக்குப் பக்கத்தில் எசியோவெலே என்ற ஊர் இருக்கிறது. அங்கே பழைய தெய்வங்களை வணங்கிய பெற்றோருக்கு 1932-ல் பிறந்து, ஒன்பது வயதில் ஞானஸ்நானம் பெற்ற ஃபிரான்சிஸ் அரின்சே 1985-ல் கர்தினால் ஆனார். ஒரே ஆயுளுக்குள் அவ்வளவு தூரம். கெட்ட காட்டை மனை நிலமாகக் கொடுத்தால் நான்கு நாளில் செத்துவிடுவார்கள் என்று எம்பாண்டாவின் பெரியவர்கள் எதிர்பார்த்த சபையின் வழிவந்தவர்கள் இன்று ஐரோப்பாவுக்கே பாதிரிமாராகப் போகிறார்கள்.

ஆனாலும் புதுக்கிழங்குத் திருவிழா நிற்கவில்லை. ஆகஸ்டு வந்தால் ஊர்தோறும் நடக்கிறது. லண்டனிலும் ஹூஸ்டனிலும் குடியேறிய இக்போக்களும் மண்டபம் பிடித்துக் கொண்டாடுகிறார்கள். விருந்தாளி வந்தால் இன்றும் முதலில் கோலா கொட்டைதான். அதை எடுத்து உடைத்து ஆசி சொல்வது இக்போ மொழியில்தான் நடக்க வேண்டும், கோலாவுக்கு ஆங்கிலம் தெரியாது என்பது அவர்கள் எல்லோர் வாயிலும் வரும் பேச்சு. கிறிஸ்துமஸ் விடுமுறையில் நகரத்திலிருந்து பிள்ளைகள் ஊர் திரும்பும்போது முகமூடி ஆட்டங்கள் தெருவுக்கு வருகின்றன. நாவலில் ஏனோக் என்ற புதுக் கிறிஸ்தவன் முகமூடியைக் கிழித்ததில்தான் எல்லாம் பற்றி எரிந்தது என்பதை நினைத்துப் பார்த்தால் இதன் பொருள் தெரியும். அனம்ப்ரா பகுதியின் இஜெலே முகமூடி ஏறக்குறைய நான்கு மீட்டர் உயரம். நூறு பேர் ஆறு மாதம் உழைத்துச் செய்வது. 2009-ல் அதை யுனெஸ்கோ மனித குலத்தின் பண்பாட்டுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது.

குழல், பாட்டு, ஆட்டம், விருந்து, வரவேற்பு. மிஞ்சியவை இவை. உனோக்காவின் உலகத்தைச் சேர்ந்தவை. போனவை எவை? பிறந்த இரட்டைக் குழந்தைகளை மண்பானையில் வைத்துக் காட்டில் எறிவது போயிற்று. ஒபியெரிக்கா தன் இரட்டைக் குழந்தைகளை அப்படி எறிந்தவன். அவை என்ன குற்றம் செய்தன என்று தனக்குள் கேட்டுக்கொண்டவனும் அவனே. போனதற்காக இன்று அழுகிறவர் யாரும் இல்லை.

பயிர்களிலும் இதே கதை நடந்திருக்கிறது. ஒக்கொங்வோவுக்கு வள்ளிக்கிழங்குதான் ஆண்மை. பெரிய மண்மேடுகளில் நட்டு, கொடி ஏற்றி, மாதக்கணக்கில் காவல் காத்து எடுப்பது. சேம்பும் பயறும் மரவள்ளியும் பெண்கள் பயிர் என்று அவன் பொருட்படுத்தமாட்டான், அவனுடைய தாயும் சகோதரிகளும் பாடுபட்டு விளைவித்தது அதைத்தான் என்றாலும். உலகில் விளையும் வள்ளிக்கிழங்கில் பெரும்பங்கு இன்றும் நைஜீரியாவில்தான் விளைகிறது, திருவிழாவின் அரசன் இன்றும் அதுதான். ஆனால் அன்றாட வயிற்றை நிரப்புவது மரவள்ளியிலிருந்து செய்யும் காரியும் ஃபூஃபூவும். மரவள்ளியில் உலகிலேயே முதலிடம் நைஜீரியாவுக்கு. மண் மெலிந்த இடத்திலும் வரும், ஆள்பலம் குறைவாகப் போதும், தேவைப்படும்போது தோண்டிக்கொள்ளலாம். ஒக்கொங்வோ பெண்கள் பயிர் என்று தள்ளியது நாட்டுக்கே சோறாயிற்று.

எதிர்ப்பும் கடைசியில் பெண்கள் பக்கத்திலிருந்துதான் வந்தது. 1929 நவம்பரில் ஒலோக்கோ என்ற ஊரில், வரி போடுவதற்காக ஆட்களையும் ஆடுகளையும் கணக்கெடுக்க வந்தவனோடு நுவான்யெருவா என்ற பெண்மணி சண்டை பிடித்தார். செய்தி பனையோலை மூலமாக ஊர் ஊராகப் பரவியது. தவறு செய்த ஆணின் வீட்டு வாசலில் பெண்கள் கூட்டமாகப் போய் உட்கார்ந்து, விடியவிடிய வசைப்பாட்டுப் பாடி ஆடி அவனைத் தலைகுனிய வைப்பது அவர்களுடைய பழைய வழக்கம். அதே வழக்கத்தை ஆங்கிலேயர் நியமித்த தலைவர்களின் வாசலுக்குக் கொண்டுபோனார்கள். இக்போ, இபிபியோ பெண்கள் ஆயிரக்கணக்கில் திரண்டு அந்தத் தலைவர்களின் தொப்பிகளைக் கழற்றச் சொன்னார்கள். படை சுட்டதில் ஐம்பதுக்கும் மேற்பட்ட பெண்கள் இறந்தார்கள். அந்தத் தலைவர் முறையையே ஆங்கிலேயர் பின்னர் கைவிட வேண்டியதாயிற்று. உமுவோஃபியாவின் கூட்டத்தில் ஒக்கொங்வோ தனியாக நின்றான். இந்தப் பெண்கள் தனியாக நிற்கவில்லை. அவர்கள் கையில் இருந்தது பாட்டும் பனையோலையும்.

அச்செபேயின் சொந்தக் குடும்பத்திலேயே ஒக்கொங்வோவுக்கு மாற்றான ஒருவர் இருந்தார். அவருடைய தகப்பனார் ஐசாயா தாய்தந்தையை இழந்தவர். அவரை வளர்த்தவர் ஊதோ ஒசின்யி என்ற பட்டம் பெற்ற பெரியவர். பாதிரிமார் முதலில் வந்தபோது தன் வளவில் பாட இடம் கொடுத்தார். பிறகு, பாட்டு ஒரே சோகமாக இருக்கிறது, என் இழவு வீடு என்று அக்கம்பக்கத்தார் நினைத்துவிடப் போகிறார்கள் என்று சொல்லி வேறு இடம் பார்க்கச் சொன்னார். வளர்ப்புப் பிள்ளை அந்தப் பாட்டுக்காரர்களோடே போய்ச் சேர்ந்தபோது தடுக்கவில்லை. தான் மதம் மாறவும் இல்லை. அந்த வீட்டின் இரண்டு பக்கங்களையும் கண்டு வளர்ந்த அச்செபேயால் ஒக்கொங்வோவையும் நுவோயேயையும் ஒரே கனிவோடு எழுத முடிந்ததில் எனக்கு வியப்பில்லை. 2013 மே மாதம் ஒகிடியில் ஆங்கிலிக்கன் சபையின் வழிபாட்டோடு அவர் அடக்கம் நடந்தது, நாட்டின் அதிபர் வந்திருந்தார்.

ஒக்கொங்வோவின் வீட்டுக் கதை முதல் நாவலோடு முடியவில்லை. 1960-ல் வந்த அச்செபேயின் இரண்டாவது நாவலில் அவனுடைய பேரன் ஓபி வருகிறான். அவனை இங்கிலாந்துக்கு அனுப்ப உமுவோஃபியாக்காரர்களின் சங்கம் கடனாகத் திரட்டிக் கொடுத்தது எண்ணூறு பவுண்டு. தாத்தாவுக்கு நுவாக்கிபியே கொடுத்த விதைக்கிழங்கும் எண்ணூறு. அச்செபே இதைத் தெரிந்தே வைத்தார் என்றுதான் நான் நம்புகிறேன். தாத்தா கடனை உழைத்து அடைத்தான். பேரனை அந்தக் கடனும் நகரத்துச் செலவும் நெருக்கி, லஞ்சம் வாங்கவைத்து, நீதிமன்றக் கூண்டில் நிறுத்தின.

அதைவிட என்னை உலுக்குவது அவனுடைய தகப்பன் ஐசக். அதாவது நுவோயே. இக்கெமெஃபூனாவுக்காகத் தகப்பனை விட்டுப் போன அதே நுவோயே. அவன் சேர்ந்த எம்பாண்டா சபையில்தான் போதகர் கியாகா, ஊர் தீண்டாத ஒசு மக்களைச் சபைக்குள் உட்காரவைத்தார், தீட்டின் அடையாளமான சடைமுடியை மழிக்கச் சொன்னார். சபையார் முணுமுணுத்தபோதும் அசையவில்லை. அரை நூற்றாண்டு கழித்து ஓபி, இங்கிலாந்தில் படித்த செவிலியான கிளாரா என்ற ஒசுப் பெண்ணைக் கட்டுகிறேன் என்று வந்து நிற்கிறான். வேதம் ஓதிக் கிழவனான ஐசக் முடியாது என்கிறார். நாளைக்கு உன் பெண்களை யார் கட்டுவார்கள், உன் பையன்களுக்கு யார் பெண் கொடுப்பார்கள் என்று கேட்கிறார். நான் சாகும்வரை பொறு, இல்லையென்றால் உயிரை விட்டுவிடுவேன் என்கிறாள் தாய். கல்யாணம் நடக்கவில்லை. ஒக்கொங்வோ உயிரோடு இருந்திருந்தால் மகனோடு ஒத்துப்போயிருக்கக்கூடிய ஒரே இடம் இதுதான்.

கதை நடக்கும் அந்த ஆண்டுகளில்தான், 1956-ல், நைஜீரியாவின் கிழக்கு மாகாணச் சட்டமன்றம் ஒசு முறையைச் சட்டப்படி ஒழித்தது. பல தலைமுறைகளாகத் தேவாலயத்துக்குப் போகும் குடும்பங்களில் இன்றும் சம்பந்தம் பேசுமுன் இரு வீட்டாரும் மறுபக்கத்து ஊருக்கு விசாரிக்க ஆள் அனுப்புகிறார்கள். படிப்பு, வேலை, நோய்நொடி, நடத்தை எல்லாம் விசாரித்தபின் குரலைத் தாழ்த்தி அந்த ஒரு கேள்வி வருகிறது. தமிழ் வாசகருக்கு அது என்ன கேள்வி என்று நான் விளக்க வேண்டியதில்லை. பதில் சரியில்லை என்றால் காரணம் சொல்லாமலே பேச்சு நின்றுவிடுகிறது, அடுத்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு குடும்பமும் தேவாலயத்துக்குப் போகின்றன.